எட்டு மணிக்குள் வாசல் தாண்ட வேண்டும்

ஆறு மணி நாற்பதுக்குச் சூர்யகலா முதல் தடவை சாவியைத் திருப்பினாள்.

கர்... கர்... கர்... என்று இன்ஜின் நன்றாகவே சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை.

இரண்டாவது தடவையும் அதே கதை.

மூன்றாவது தடவைக்கு எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. நான்காவது தடவைக்கு, உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் மண்வெட்டியும் தோளுமாக நின்றுவிட்டார்கள். கல்யாண வீட்டில்கூட ஆட்கள் மெதுவாகத்தான் வந்து சேருவார்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டி என்றால் நம் ஜனங்களுக்கு அழைப்பிதழே வேண்டாம்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புருஷனின் அண்ணன் தேசப்பன், கைப்பேசியில் மணி பார்த்தார்.

"இன்னா சூர்யா, காலங்காத்தால வண்டி பாட்டு பாடுது?" என்றார்.

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கச் சூர்யகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இதே வாசலில்தான் அந்தப் பேச்சு நடந்தது. தேசப்பனின் மகள் சரண்யாவுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு, இன்று விழுப்புரத்தில். காலை பத்து மணிக்கு மைதானத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதே நாளில் தேசப்பன் பிரம்மதேசத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லியிருந்தார். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் சூர்யகலா எழுந்து, "அவ ஓடட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

தம்பி பெண்டாட்டி எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசினால் மூத்தவருக்கு எப்படி இருக்கும்? தேசப்பன் சிரித்தார். "உன் டப்பா வண்டி அன்னிக்கி எட்டு மணிக்குள்ள இந்த வாசலத் தாண்டட்டும், போவட்டும். தாண்டலன்னா, எம் பொண்ணு பட்டுப்பொடவ கட்டிக்கினு உக்காருவா. அதுக்கப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

"சரி" என்றாள் சூர்யகலா. யோசித்துச் சொன்ன சரி இல்லை. கோபத்தில் சொன்ன சரி.

அந்த வண்டி அவள் புருஷன் பிரபாகரன் பழையதாக வாங்கிய வெள்ளைக் கார். பத்து மாதத்துக்கு முன்னால் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கட்டம் போட்ட நீலச் சட்டையோடு பஸ் ஏறிப் போனவன்தான். போன் இல்லை, கடுதாசி இல்லை. சூர்யகலா ஒரு மாதம் அழுதாள். இரண்டாவது மாதம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது மரக்காணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பிரசவத்துக்குப் போகிறவர்களும் முதலில் கூப்பிடுவது அவளைத்தான்.

அப்படிப்பட்ட வண்டி, இருந்து இருந்து இன்றைக்குத்தான் படுத்துக்கொண்டது.

"பேட்டரி டவுனு. நாலு பேரு தள்ளுங்கப்பா" என்று மண்வெட்டிக்காரர்களில் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டினார்.

"தள்ளாதீங்கண்ணே" என்றாள் சூர்யகலா. "பேட்டரி போயிருந்தா டிக் டிக்குன்னு நின்னுடும். இது எப்படிச் சுத்துது, பாத்தீங்க இல்ல? சுத்துற இன்ஜினத் தள்ளி இன்னா பண்றது?"

"அப்ப பெட்ரோல் இல்ல."

"நேத்து சாயங்காலம்தான் போட்டேன். முள்ளு பாதிக்கு மேல நிக்குது."

"அப்ப நேரம் சரியில்ல" என்றார் தேசப்பன். கூட்டம் சிரித்தது.

சூர்யகலா சாவியை விட்டுக் கையை எடுத்தாள். சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் இருக்கிற பேட்டரியும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு சர்வீசுக்கும் ஒர்க்‌ஷாப்பில் பெஞ்சில் உட்காராமல், கார் பக்கத்திலேயே நின்று, "அது இன்னாது, இது எதுக்கு" என்று மெக்கானிக்குகளின் பிராணனை வாங்கியவள் அவள். மெக்கானிக்குக்குப் போன் போட்டுப் பார்த்தாள். திண்டிவனத்தில் ஒரு வண்டியின் அடியில் படுத்திருக்கிறாராம், பன்னிரண்டுக்கு வருகிறாராம். பன்னிரண்டுக்கு வந்து யாருக்கு என்ன?

மணி ஏழு. திண்டிவனம் போகும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மெயின் ரோட்டில் போனது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து, மாறி ஏறிப் போனால் பதினொன்று ஆகிவிடும்.

பின் சீட்டில் சரண்யா டிராக் பேன்ட்டும் ஷூவுமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் கவரில் ஹால் டிக்கெட். ஒரு வருஷமாக விடிவதற்குள் எழுந்து, உப்புப் பாத்தி வரப்பில் ஓடி ஓடிக் காலெல்லாம் வெடித்த பெண். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சரண்யா, எறங்கு. போய்க் குளி. பூ வந்திருக்குது" என்றார் அப்பா.

"இன்னும் எட்டு ஆவலப்பா" என்றாள் சரண்யா. உள்ளே இருந்து கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

சபாஷ் என்று சூர்யகலா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு சாவியை ஸ்டார்ட் வரைக்கும் திருப்பாமல், பாதியில் நிறுத்தினாள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கெல்லாம் எரிந்தது. காது கொடுத்துக் கேட்டாள். ஏதோ குறைந்தது. என்ன என்று பிடிபடவில்லை.

"சித்தி" என்றாள் சரண்யா, பின்னாலிருந்து. "தெனம் சாவி போட்டா எஞ் சீட்டுக்கு அடியில உம்முன்னு ஒரு சத்தம் வரும் இல்ல? ரெண்டு செகண்டு. இன்னிக்கி வரல."

சூர்யகலா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கன்னத்தைக் கிள்ள வேண்டும் போல் இருந்தது.

"அடியே, அதுதான் பெட்ரோல் பம்பு! டேங்குல இருந்து இன்ஜினுக்கு ஏத்தி அனுப்புறது அதுதான். அது ஓடலன்னா, எவ்ளோ சுத்தினாலும் வெறும் வயிறுதான்."

பானெட்டைத் திறந்தாள். கண்ணாடிக்குக் கீழே, பின் மூலையில், ஃபியூசும் ரிலேயும் அடங்கிய கறுப்புப் பெட்டி. எண்ணெய் அளக்கும் குச்சியும் தண்ணீர் மூடியும் முன்பக்கம் இருப்பதால் அந்த மூலைக்கு அவள் கை தினமும் போவதில்லை. கடைசியாக இருபது நாளைக்கு முன்னால் துடைத்தாள். அன்றைக்குப் பெட்டியை அழுத்தி மூடிக் கிளிப்பை மாட்டியது நன்றாக ஞாபகம் இருந்தது.

இப்போது கிளிப் கழன்றிருந்தது. மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

அவள் நேராக வாசலுக்கு நடந்தாள்.

"பெரிய மாமா, வண்டியில கை வச்சீங்களா?"

"இன்னாது?"

"பொட்டியத் தொறந்திருக்காங்க. வயரப் புடுங்கினீங்களா? பொண்ணு ஓடக் கூடாதுன்னா நேரா சொல்லுங்க. இந்தத் திருட்டு வேல எதுக்கு?"

கூட்டத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. தேசப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். கோபம்தான் வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அந்த மனிதரின் முகம் சுருங்கிப்போனது.

"எம் பாத்தி உப்பு மேல சத்தியம். உன் வண்டியத் தொட்டதே கெடயாது நான். தடுக்கணும்னா வாசல்ல நின்னு தடுப்பேன். ஒளிஞ்சி செய்யிறவன் இல்ல." அவர் நாற்காலியின் முதுகில் கை வைத்தார். "ஒருத்தன் இந்த வாசலத் தாண்டிப் போனான். பத்து மாசமா அவன் வருவானான்னு இங்கேயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். இன்னொண்ணும் போவணுமா? போலீஸு வேலன்னா எந்த ஊர்ல போடுவானோ. எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான்."

சூர்யகலாவுக்கு அந்தப் பேச்சு எங்கேயோ குத்தியது. தினமும் அந்த நாற்காலி எதற்கு என்று அவள் யோசித்ததே இல்லை. உப்பு மேல் சத்தியம் செய்து பொய் சொல்கிற ஆளும் இல்லை அவர். ஆனால் நின்று வருத்தப்பட நேரம் ஏது? மணி ஏழு இருபத்தைந்து.

திரும்ப ஓடினாள். மூடியை எடுத்தாள். வயர் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. உள்ளே ஈரமாக இருந்தது.

மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வண்டியைக் கழுவியும் நாளாகிறது. ஈரம் எங்கிருந்து வந்தது?

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. கரிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு.

அந்தக் கசப்பை உப்பளத்துக்காரி தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள். கடல் காற்றின் உப்புக்கு அந்தக் கசப்பு கிடையாது. பாத்தியிலிருந்து அப்போதுதான் வாரிய பச்சை உப்பின் கசப்பு அது. காயாத உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் குடித்துவிட்டுச் சொட்டிக்கொண்டே இருக்கும்.

நிமிர்ந்து பார்த்தாள். பானெட்டின் கீலுக்குள், பெட்டிக்கு நேர் மேலே, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு துணி முடிச்சு. அதன் அடியில் ஒரு சொட்டு, விழட்டுமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"முதல் உப்பு!" என்றாள் சூர்யகலா.

அந்தக் குடும்பத்தில் அது வழக்கம். மாசியில் முதன்முதலாக வாரும் உப்பைத் தேசப்பனின் மனைவி வேலம்மாள் ஒரு சட்டியில் போட்டுச் சாமி மாடத்தில் வைப்பாள். அந்தச் சட்டியை அவளைத் தவிர யாரும் தொடக் கூடாது. அதில் ஒரு பிடி வாங்கி, வீட்டு ஆம்பிளை தான் உடுத்திய துணியைக் கிழித்து முடிந்து, சோறு போடும் இயந்திரத்துக்குக் கட்டுவான். கண் படாமல் இருக்க. வழக்கமாகப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினுக்குத்தான் கட்டுவார்கள். அது திறந்த கொட்டகையில் நிற்பது. சொட்டினால் மண்ணில் சொட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. காரின் பானெட்டுக்குள் கொண்டுபோய், கரன்ட்டுப் பெட்டிக்கு மேல் கட்டினால்?

கண் படவில்லை. உப்புத்தான் பட்டது.

கட்டிய கை பட்டுத்தான் கிளிப்பும் கழன்றிருக்க வேண்டும். முடிச்சைப் பிடுங்கி மட்கார்டின் மேல் போட்டாள். "பெரிய மாமா, தப்பா சொல்லிட்டேன். அதுக்கு மன்னிச்சிடுங்க" என்று கத்தினாள். "மத்ததுக்கு இல்ல!"

"இன்னா மத்ததுக்கு?"

"அவ ஓடத்தான் போறா."

மூடியின் உள்பக்கம் சின்னச் சின்னப் படங்கள் போட்டிருந்தன. பெட்ரோல் பங்க் படம் போட்ட இடத்தில் இருந்த ரிலேயைப் பிடுங்கினாள். தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும் சின்னக் கறுப்புக் கட்டி; பம்புக்குக் கரன்ட்டைத் திறந்துவிடுவது அதுதான். அதன் பித்தளைக் கால்கள் நான்கும் பச்சை பூத்துக் கிடந்தன. ஒரு கால் அரித்துப்போய், தொட்டதும் உடைந்து கையோடு வந்தது.

மண்வெட்டிக்காரர் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "போச்சா? இதுக்குப் பாண்டிச்சேரிக்குத்தான் போவணும்."

"எதுக்குண்ணே? பக்கத்துலயே அதே சைஸுல ஒண்ணு இருக்குதே."

அது ஹாரன் படம் போட்டது. அதைப் பிடுங்கினாள். கால்கள் பளபளவென்று இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அளவும் கால்களும் அச்சாக ஒன்று.

"ஹாரன் போய்டுமே!"

"வாய் இருக்குது எனக்கு" என்றாள் சூர்யகலா. ஊருக்கே தெரிந்த விஷயம்தான்.

ஆனால் ரிலே உட்காரும் குழியும் பச்சையாக இருந்தது. அப்படியே செருகினால் கரன்ட் பாயாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சுரண்ட எதையாவது தேடினாள். மெல்லிசாக, ஓட்டைக்குள் நுழைகிற மாதிரி எதுவும் அகப்படவில்லை. ஏழு நாற்பது ஆகிவிட்டது.

அப்போதுதான் வேலம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள்.

வேலம்மாள் அதிகம் பேச மாட்டாள். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் புருஷன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.  ஒரு கையில் டிபன் டப்பா. இன்னொரு கையில் ஒரு துண்டு உப்புத்தாள், அரிவாள்மனைத் துருவைத் தேய்க்க அவள் வைத்திருப்பது. உப்புத்தாளைச் சூர்யகலாவிடம் நீட்டினாள். பிறகு தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, அதையும் கொடுத்தாள். நேராகப் பின் கதவுக்குப் போய், சன்னல் வழியாக டிபன் டப்பாவை மகளின் மடியில் வைத்தாள்.

"எலுமிச்ச சாதம். ஓடி முடிச்சப்பறம் சாப்பிடு. முன்னாடி சாப்டா வயித்த வலிக்கும்."

தேசப்பன் மனைவியைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வேலம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சூர்யகலா உப்புத்தாளைக் குச்சி போல் சுருட்டினாள். ஹேர்பின்னால் குழியைச் சுரண்டி, சுருட்டிய தாளால் தேய்த்தாள். பச்சை உதிர்ந்து பித்தளை தெரிந்தது. முந்தானையால் துடைத்து, வாயால் ஊதி, ஹாரனின் ரிலேயை அழுத்திச் செருகினாள். பேட்டரி ஒயரை முறுக்கினாள். கையெல்லாம் கறுப்பு, நெற்றியில் ஒரு கோடு. கவலைப்படவில்லை.

"எட்டாவப் போவுது" என்றார் தேசப்பன். ஆனால் குரலில் பழைய துள்ளல் இல்லை.

"ஏழு அம்பத்திரெண்டுதாம்பா ஆவுது" என்றாள் சரண்யா.

சூர்யகலா சாவியைப் பாதி திருப்பினாள்.

உம்ம்ம்.

பின் சீட்டுக்கு அடியில், இரண்டு செகண்டு. சரண்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீதியையும் திருப்பினாள். கர்... கர்... ஒரு குலுக்கல். ஒரு செருமல். அடுத்த நொடி, எட்டு மாதமாக அவளுக்குச் சோறு போட்ட அந்த இரைச்சல் தெரு முழுக்கக் கேட்டது. மண்வெட்டிக்காரர் விசில் அடித்தார். இவ்வளவு நேரம் அவள் தோற்பாள் என்று நின்றவர்களே இப்போது கை தட்டினார்கள். தட்டட்டும், அதற்கு யார் காசு கேட்டது?

பானெட்டை மூடப் போனவள், மட்கார்டின் மேல் கிடந்த முடிச்சை எடுத்தாள். தேசப்பனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. வீட்டுல இருக்கிற ஆம்பள நீங்க ஒருத்தர்தான், நல்ல மனசுலதான் கட்டியிருப்பீங்க. ஆனா கட்டுறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

தேசப்பன் அதை வாங்கவில்லை. வெறித்துப் பார்த்தார்.

"இது என்னுது இல்ல. நான் என் வெள்ள வேட்டியக் கிழிச்சி டீசல் இன்ஜினுக்குக் கட்டினேன். போய்ப் பாரு, இன்னும் தொங்குது. உன் வண்டிய நான் தொட்டதே இல்லன்னு சொன்னேனே."

சூர்யகலா குனிந்து கையைப் பார்த்தாள். அவசரத்தில் இதுவரை துணியைப் பார்க்கவே இல்லை.

நீலம். கட்டம் போட்ட நீலம். ஈரத்தில் கறுத்திருந்தது. அதன் ஓரத்தில் மஞ்சள் நூல் தையல், ஐந்தாறு இழை. நீல நூல் தீர்ந்துபோன ஒரு நாளில், "மஞ்சள்ல தெச்சா யாரு பாக்கப் போறா?" என்று சொல்லிக்கொண்டே, கிழிந்த சட்டைப் பையை அவள் கையால் தைத்தாள். பிரபாகரன் அந்தச் சட்டையில்தான் பஸ் ஏறினான்.

இருபது நாளைக்கு முன்னால் அந்த மூலையை அவள் துடைத்தபோது முடிச்சு இல்லை. உள்ளே இருப்பது இந்த மாசியின் முதல் உப்பு.

அப்படியென்றால் வந்திருக்கிறான். தன் சட்டையைக் கிழித்து, தன் பெண்டாட்டி ஓட்டும் வண்டிக்குக் கண் படக் கூடாதென்று கட்டிவிட்டு, அவளை எழுப்பாமல் போயிருக்கிறான். சந்தோஷம் வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வாசல் வரைக்கும் வரத் தெரிந்தவனுக்குக் கதவைத் தட்டத் தெரியாதா?

"சித்தி, ஏழு அம்பத்தாறு!"

சூர்யகலா முடிச்சைத் தேசப்பனின் கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கினாள்.

"உங்க தம்பி சட்ட" என்றாள். "நல்லாப் பாருங்க."

ஏறி உட்கார்ந்தாள். கியர் போட்டாள். ஏழு ஐம்பத்தேழுக்கு வெள்ளைக் கார் வாசலைத் தாண்டியது. வழியில் நின்ற ஆட்டைப் பார்த்து, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஹோய், தள்ளு!" என்று ஒரு குரல் கொடுத்தாள். ஆடு தள்ளியது. வாய் நன்றாகவே வேலை செய்தது.

தெரு முனையில் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். தேசப்பன் முடிச்சைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றார். வேலம்மாள் வேகமாக வந்து, அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, முந்தானையில் சொருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவள் தொடாமல் அந்தச் சட்டியிலிருந்து ஒரு கல் உப்பு வெளியே போகாது. ஒரு பிடி உப்பை யார் கையில் கொடுத்தோம் என்று வேலம்மாளுக்குத் தெரியும்.

பிரேக்கின் மேல் சூர்யகலாவின் கால் போனது.

சரண்யாவும் பார்த்துவிட்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. ஹால் டிக்கெட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"சித்தி... திரும்பலாமா? அம்மாவக் கேட்டா சொல்லிடுவாங்க. சித்தப்பா எங்கனு..."

சூர்யகலா காலை எடுத்தாள். ஆக்சிலரேட்டரை மிதித்தாள். இருபுறமும் பாத்திகள் வெயிலில் வெள்ளையாக ஓட ஆரம்பித்தன.

"பத்து மணிக்குக் கதவ சாத்திடுவாங்க, நீ சும்மா உக்காரு" என்றாள். "என்னைய பத்து மாசம் காக்க வச்சாரு இல்ல? சாயங்காலம் வரைக்கும் அவரு காத்திருக்கட்டும்."